படகு டிரெய்லருக்கு எவ்வளவு காற்று? வாசகர் கேள்வி பதில்

படகு ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் டயர்களைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வருவதால் அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு கடிதங்களுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கேள்வி: பழைய படகு ஒன்றை அதன் டிரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரங்கள். டயரின் பக்கவாட்டில் எஸ்.டி. (ST) 205/75ஆர்14, லோடு ரேஞ்ச் சி (டயரின் சுமை வகை), 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறது. விற்றவரோ, 30-க்கு மேல் வைக்காதீர்கள், படகு குலுங்கும் என்றார். பஞ்சர் ஒட்டுபவர், டயரில் எழுதியிருப்பது வெடிக்கும் எல்லை, அதன் பக்கமே போகக் கூடாது என்கிறார். என் காரின் கதவோரத்தில் 32 என்று போட்டிருக்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டயரின் பேச்சைக் கேளுங்கள். 50 பி.எஸ்.ஐ., அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது.

பஞ்சர் ஒட்டுபவர் சொன்னதில் பாதி காருக்குப் பொருந்தும். காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, அந்தக் காரின் எடை, பிரேக் பிடிக்கும் விதம், வளைவில் திரும்பும் விதம், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகு என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதைத் தயாரித்தவர்கள் முடிவு செய்த அளவு. காரில் பொருத்தப்படும் டயர் பொதுவாக அந்தக் காரின் எடையைக் காட்டிலும் கணிசமாக அதிகம் தாங்கக்கூடியது என்பதால், பக்கவாட்டில் உள்ள உச்ச அளவுக்குக் கீழேயே அங்கே காற்றை நிறுத்திக்கொள்ள முடிகிறது. டிரெய்லரில் யாரும் உட்காருவதில்லை. அங்கே டயருக்குச் சுமப்பது ஒன்றுதான் வேலை. சுமைக்கும் டயரின் தாங்குதிறனுக்கும் இடையில் பெரிய இடைவெளி இல்லாமல்தான் பெரும்பாலான டிரெய்லர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆகவேதான் எஸ்.டி. என்று தொடங்கும் டிரெய்லர் டயர்களைப் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கே நிரப்பும்படி அவற்றைத் தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஒரு டார்ச் விளக்கையும் ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு, டயரின் மேல் படிந்திருக்கும் சேற்றைத் துடைத்துவிட்டு, அந்தச் சிறிய எழுத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். 50 என்ற எண் தனியாக நிற்காது. உச்ச சுமை 1,760 பவுண்டு, 50 பி.எஸ்.ஐ., குளிர் நிலையில் என்று எடையும் அழுத்தமும் ஒரே வரியில் சேர்ந்தே இருக்கும். 1,760 பவுண்டு என்பது ஏறத்தாழ 800 கிலோ. அதாவது, 800 கிலோவைத் தாங்குகிறேன், ஆனால் எனக்கு 50 கொடுத்தால்தான் என்கிறது டயர். அதே டயரில் 35 மட்டும் பிடித்தால் அதன் தாங்குதிறன் 1,430 பவுண்டுக்கு, அதாவது சுமார் 650 கிலோவுக்கு இறங்கிவிடும். விற்றவர் சொன்ன 30-இல் அதற்கும் கீழே போகும். சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் காற்றினுடையது. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிவைத்திருக்கும் பை போன்றவை.

வெடிக்கும் எல்லை என்ற பேச்சையும் தெளிவுபடுத்திவிடலாம். நல்ல நிலையில் உள்ள டயர் வெறும் காற்றழுத்தத்தால் வெடிக்க வேண்டுமானால், எழுதியிருப்பதைப் போலப் பல மடங்கு அழுத்தம் தேவை. சாலையில் டிரெய்லர் டயர் கிழிந்து தொங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இதற்கு நேர் எதிரானது. காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைந்த இடம் சுடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். டயரிலும் அதுதான் நடக்கிறது. அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பி அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, கடைசியில் மேல்தோல் உரிந்து பறக்கிறது. இதனால், எழுதிய அளவுக்கு மேலும் அடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்ந்த டயருக்கு அதுவே மேல் எல்லை.

டிரெய்லரின் சட்டத்தில், கொக்கிப் பக்கமாக, ஓர் உலோகத் தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். டயரின் அளவும் அதற்குரிய குளிர்நிலை அழுத்தமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரும் அதே அளவுடையதுதான் என்றால் அந்தத் தகட்டைப் பின்பற்றலாம். படகு டிரெய்லரில் உப்புநீர் பட்டுப் பட்டு அந்தத் தகடு படிக்க முடியாமல் போயிருப்பது சகஜம். அப்போது டயரில் உள்ள எழுத்துதான் சாட்சி.

கேள்வி: இரண்டு டயரும் சேர்ந்து 1,600 கிலோ தாங்கும் என்றால், 700 கிலோ படகுக்கு 50 பி.எஸ்.ஐ. எதற்கு? பாதி காற்றே போதாதா?

பதில்: 700 கிலோ என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. படகின் கையேட்டில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடை. இஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, பேட்டரி இல்லை. சாலையில் ஓடுவது அந்தப் படகு அன்று.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உடல் 700 கிலோ. நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அவுட்போர்ட் இஞ்சின் ஒன்றுக்கு 165 கிலோ என்று வையுங்கள். நூறு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 75 கிலோ. பேட்டரிகள் இரண்டு, 50 கிலோ. நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு உடைகள், ஐஸ் பெட்டி, கயிறுகள், தூண்டில் சாமான் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை எல்லாம் சேர்ந்து 80 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 300 கிலோ. மொத்தம் 1,370 கிலோ. இதில் முன்பக்கம் காரின் கொக்கி மேல் அழுந்தும் எடை 95 கிலோ என்று கழித்தால், இரண்டு டயர்கள் மீதும் உட்காருவது 1,275 கிலோ. முதல் கேள்வியில் பார்த்த அதே டயரில் 35 பி.எஸ்.ஐ. வைத்தால் இரண்டும் சேர்ந்து தாங்குவது சுமார் 1,300 கிலோ. விளிம்பில் நிற்கிறீர்கள். 50 வைத்தால் ஏறத்தாழ 1,600 கிலோ. அப்போது ஐந்தில் ஒரு பங்கு திறன் கைவசம் மிஞ்சுகிறது. சாலையில் ஒரு பள்ளம் வரும்போது செலவாவது அந்த மிச்சம்தான்.

இதுவும் கணக்குதானே தவிர உண்மையான எடை அன்று. ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோய், எரிபொருள் நிரப்பி, சாமான்களெல்லாம் ஏற்றிய நிலையில் நிறுத்திப் பாருங்கள். கார் மேடைக்கு வெளியே நிற்க, கொக்கியைக் கழற்றாமல் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருந்தால், டயர்கள் சுமக்கும் எடை நேரடியாகவே கிடைத்துவிடும். முடியுமானால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு முறை பார்ப்பது நல்லது. பேட்டரிகள், தண்ணீர்த் தொட்டி, பெட்டிகள் எல்லாவற்றையும் வசதிக்காக ஒரே பக்கமாக அடுக்கிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டாகப் பிரித்துப் போட்ட கணக்கு அங்கே பொய்த்துப்போகும். மழைநீர் தேங்கிய படகை மறந்துவிடாதீர்கள். அடிப்பள்ளத்தில் 100 லிட்டர் நின்றால் அது 100 கிலோ. வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டுப் புறப்படுவது டயருக்குச் செய்யும் உதவியுமாகும்.

எடைமேடையில் வந்த எண் டயர்களின் தாங்குதிறனைத் தாண்டியிருந்தால், காற்றைக் கூட்டி அதைச் சரிசெய்ய வழியில்லை. சுமையைக் குறைக்க வேண்டும். அல்லது அச்சும் ரிம்மும் இடம் கொடுத்தால் டயரை மாற்ற வேண்டும்.

கேள்வி: காலையில் சரியாக 50 வைத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு அளந்தால் 57 காட்டுகிறது. பயந்துபோய் 50-க்கு இறக்கிவிட்டேன். செய்தது சரிதானா?

பதில்: இல்லை. உங்களைப் போலவே கவனமானவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஓடும்போது டயர் சுடுவதும், சுட்டால் உள்ளே அழுத்தம் ஏறுவதும் இயல்பு. அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்தே குளிர்நிலை அளவை எழுதியிருக்கிறார்கள். 50 என்பது 57 ஆனதற்கு, டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தாலே போதும். நீங்கள் இறக்கிவிட்ட டயர் இரவெல்லாம் ஆறியபின் மறுநாள் காலை அளந்திருந்தால் கேஜ் 44 காட்டியிருக்கும். அந்த 44-ஓடு மறுபடி கிளம்பினால் டயர் முன்னைவிட அதிகமாக மடியும், அதிகமாகச் சுடும், அழுத்தம் மறுபடி ஏறும். நீங்கள் மறுபடி இறக்குவீர்கள்.

குளிர்ந்த டயர் என்பதற்கு வழக்கமான பொருள், குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றது அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாதது. வெயிலில் நின்ற டயரையும் குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு பக்கம் மட்டும் வெயில் விழும் இடத்தில் டிரெய்லர் நின்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு எண்ணைக் காட்டும். வானிலை மாறும்போதும் அளவு மாறும். சுமார் ஐந்தரை டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 50 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றுக்குச் சற்று அதிகமாகக் குறையும். வெயில் காலத்தில் நிரப்பியதைக் குளிர் காலத்தில் அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

படகு டிரெய்லருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. படகைத் தண்ணீரில் இறக்கும்போது டயர்களும் முழுகுகின்றன. சுட்ட டயர் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடுவதால், சரிவுப்பாதையில் ஏறி வந்தவுடன் அளந்தால் ஒரு நம்பகமற்ற இடைநிலை எண்தான் கிடைக்கும். அங்கே கேஜை எடுக்கவே வேண்டாம். தண்ணீரில் இறக்குமுன் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிடுவது, டயரைவிட, பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குத்தான் அதிகம் தேவை. சுட்ட ஹப் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பேரிங்கில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பாலேடு மாதிரி ஒரு கலவை இருக்கும்.

வழியில் நிறுத்தும்போது கேஜைக் காட்டிலும் உள்ளங்கையே நல்ல கருவி. ஒவ்வொரு டயரையும், ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருப்பது சரி. ஒரே அச்சில் ஒரு டயர் மட்டும் மற்றதைவிடத் தெளிவாக அதிகம் சுட்டால் அதில் காற்று குறைந்திருக்கலாம். ஹப் தொட முடியாதபடி சுட்டால் பேரிங்கையோ பிரேக்கையோ பார்க்க வேண்டும். டிரெய்லரில் ஒரு டயர் காற்றிழந்தாலும் ஓட்டுபவருக்குப் பல சமயம் தெரியவே தெரியாது என்பதால், இந்தத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைச் சோம்பேறித்தனத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது சிறிய அலுமினியப் படகு. டிரெய்லரில் 4.80-8 என்ற குட்டி டயர்கள் இருக்கின்றன. அவற்றில் 60 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. இவ்வளவு சின்ன டயருக்கு இவ்வளவு காற்றா? அச்சுப்பிழையாக இருக்குமா?

பதில்: பிழை இல்லை. லோடு ரேஞ்ச் பி உள்ள 4.80-8 டயருக்கு 60 பி.எஸ்.ஐ. என்பதே சரியான அளவு. அதே டயர் சி வகையாக இருந்தால் 90 என்று எழுதியிருக்கும். டயர் சிறியதாக இருப்பதால்தான் அழுத்தம் அதிகமாகத் தேவைப்படுகிறது. உள்ளே கொள்ளும் காற்றின் அளவு குறைவு. குறைந்த காற்றைக் கொண்டு 270 கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுமையைத் தூக்க வேண்டுமானால் அந்தக் காற்றை அதிகமாக அழுத்தியாக வேண்டும்.

அகலமான எஸ்.டி. டயர்களில் பொதுவாகப் பி என்றால் 35, சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80 பி.எஸ்.ஐ. என்று ஒரு வாய்பாடு உண்டு. அதை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் குட்டி டயரைப் பார்த்து, பி-தானே, 35 போதும் என்று நிரப்பிவிடுகிறார்கள். எழுத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சின்னச் சக்கரத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அதன் சுற்றளவு சுமார் 1.3 மீட்டர், இழுக்கும் காரின் சக்கரத்துக்கு அது இரண்டு மீட்டர் அளவில் இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார்ச் சக்கரம் நிமிடத்துக்கு 650 முறை சுற்றும்போது இது ஆயிரம் முறைக்கு மேல் சுற்றுகிறது. காற்று குறைந்திருந்தால் அத்தனை முறையும் அது மடிந்து நிமிர வேண்டும். சூட்டுக்குக் கேட்க வேண்டுமா?

அளக்கும்போது ஒரு கவனம் தேவை. இவ்வளவு சிறிய டயரில் கேஜை வைத்து எடுக்கும்போது புஸ்ஸென்று கசியும் காற்றே ஓரிரண்டு பி.எஸ்.ஐ.-யைக் கொண்டுபோய்விடும். மூன்று முறை சந்தேகப்பட்டு அளந்தால் மூன்று முறையும் வெவ்வேறு எண் வரும். ஒரே அழுத்தலில், நேராக வைத்து அளங்கள். பெரிய கம்ப்ரெசரில் பிடித்தால் கண் இமைப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும் என்பதால், கையால் அடிக்கும் பம்ப்பே இதற்கு உத்தமம்.

கேள்வி: சி வகை டயரைக் கழற்றிவிட்டு, அதே அளவில் டி வகையை மாட்டியிருக்கிறேன். பழையபடி 50 வைத்தால் போதுமா, 65 வைக்க வேண்டுமா?

பதில்: கூடுதல் தாங்குதிறன் வேண்டும் என்றுதான் மாற்றினீர்கள் என்றால் 65 வைக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு எஸ்.டி. டயர்களில் ஒரே அழுத்தத்தில் காற்று இருந்தால், ஒன்று சி, மற்றது டி என்றாலும் இரண்டும் தாங்கும் சுமை ஏறத்தாழ ஒன்றே. டி வகையின் உடல் 65-ஐத் தாங்கும் அளவுக்குப் பலமானது என்பதுதான் வேறுபாடு. அந்தப் பலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 50-இலேயே நிறுத்தினால், சுமையைப் பொறுத்தவரை பழைய டயரே மாட்டியிருப்பதற்குச் சமம்.

ஆனால் 65 அடிக்கும் முன் ரிம்மைப் பாருங்கள். ரிம்முக்கும் சுமை எல்லையும் அழுத்த எல்லையும் உண்டு. பல ரிம்களில் உட்பக்கமாகப் பொறித்திருப்பார்கள். துருவால் செதில் செதிலாக உரியும் ரிம்மில் எந்த எண் பொறித்திருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அடுத்தது வால்வு. கார்களில் இருக்கும் சாதாரண ரப்பர் வால்வின் எல்லை 65 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போகும் டயர்களுக்கு உயரழுத்த வால்வோ இரும்பு, பித்தளை போன்ற உலோக வால்வோ வேண்டும். டயரை மாற்றும்போதெல்லாம் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வால்வை மடக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். மெதுவாகக் காற்று இறங்குவது பல நேரம் அங்கேதான்.

கேள்வி: படகை விட்டுவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது அது தவளை மாதிரி துள்ளுகிறது. அப்போதாவது காற்றைக் குறைக்கலாமா?

பதில்: போகும்போது இறக்கி, வரும்போது ஏற்றி என்று வைத்துக்கொண்டால் ஒருநாள் ஏற்ற மறப்பீர்கள். வேகத்தைக் குறையுங்கள். சுமை இல்லாத டிரெய்லர் துள்ளத்தான் செய்யும்.

படகோடு போகும்போதும் துள்ளுகிறது, டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது என்றால், உங்கள் சுமைக்குத் தேவையானதைவிடப் பெரிய டயர் இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு நிலையில், எடைமேடையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, டயர் தயாரிப்பாளர் வெளியிடும் சுமை, அழுத்த அட்டவணையைப் பார்த்து, உண்மைச் சுமைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாகத் தாங்கும் அழுத்தத்தில் நிறுத்தலாம். அச்சின் இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். எடை போடாமல், குத்துமதிப்பாக நாலைந்து குறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறைத்துக் கிடைப்பது கொஞ்சம் மென்மை. அதை அனுபவிக்க அங்கே ஆளும் இல்லை.

கேள்வி: இரட்டை அச்சு டிரெய்லரில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் வெவ்வேறு அளவு வைக்கலாமா?

பதில்: கூடாது. நான்கிலும் ஒரே அளவு. ஒன்றில் காற்று குறைந்தால் அது கொஞ்சம் தாழ்ந்து, தன் பங்குச் சுமையைப் பக்கத்துச் சக்கரத்தின் தலையில் கட்டிவிடும். இரட்டை அச்சில் ஒரு டயர் போனாலும் டிரெய்லர் நிமிர்ந்தே நிற்பதால், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எதுவும் தெரியாது. இரண்டாவது டயரும் போன பிறகுதான் தெரியும். சக்கரத்துக்குச் சக்கரம் அழுத்தத்தைக் காட்டும் உணரிக் கருவிகளுக்குச் செலவழிக்க நினைப்பவர்களில், முதலில் வாங்க வேண்டியவர்கள் இரட்டை அச்சுக்காரர்கள்தான்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் நல்லதா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கிடைத்தால் நிரப்புங்கள், கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். எதை நிரப்பினாலும் அளக்காமல் விட்டால் பயனில்லை.

கேள்வி: என் பழைய காரின் டயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, ரிம்மும் பொருந்துகிறது. டிரெய்லரில் மாட்டலாமா?

பதில்: நான் மாட்ட மாட்டேன். கார் டயரின் பக்கச்சுவர் மென்மையானது. உயரமான படகை ஏற்றினால் டிரெய்லர் பக்கவாட்டில் அலைந்து, காரின் வாலையும் சேர்த்து ஆட்டும். அளவு P என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் கார் டயரை (லோடு ரேஞ்ச் பி வேறு) டிரெய்லரில் போடுவதானால் அதில் எழுதியிருக்கும் உச்ச சுமையை 1.10-ஆல் வகுத்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 600 கிலோ டயர் அங்கே 545 கிலோ டயராகிவிடும்.

கேள்வி: வருடத்தில் நான்கு முறைதான் படகை வெளியே எடுக்கிறேன். டயரின் பட்டைகள் புதிதுபோல இருக்கின்றன. இன்னும் எத்தனை வருடம் ஓட்டலாம்?

பதில்: படகு டிரெய்லரின் டயர் தேய்ந்து சாவது அரிது, நின்றே சாகும். வெயில், ஓசோன், ஒரே இடத்தில் பாரத்தோடு மாதக்கணக்கில் நிற்பது எல்லாம் சேர்ந்து ரப்பரை உலர்த்துகின்றன. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஒரு பக்கத்தில் மட்டுமே முழு இலக்கமும் இருக்கும். வெளியே காணவில்லை என்றால் அச்சுக்கு அடியில் குனிந்து உட்பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து வருடம் தாண்டியதைச் சந்தேகத்தோடு பார்ப்பேன். ஆறு தாண்டினால் பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். அதற்கு முன்பே பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளோ ஓரிடத்தில் புடைப்போ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

நிறுத்திவைக்கும் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்காதீர்கள். நல்ல டயரும் மாதத்துக்கு ஓரிரண்டு பி.எஸ்.ஐ.-யை இழக்கும். ஆறு மாதம் நின்ற பிறகு 50 என்பது 40-ஐ ஒட்டி வந்திருந்தால் வியப்பில்லை. முடிந்தால் அச்சுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, வெயில் படாமல் மூடிவையுங்கள்.

இதையெல்லாம் எழுதும் நானே ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன். பாதி வழியில் பஞ்சர். படகின் கீழே சட்டத்தில் பூட்டியிருந்த ஸ்டெப்னியைப் பெருமையோடு கழற்றிக் கேஜை வைத்தால் முள் 18-இல் நின்றது. மூன்று வருடமாக நான்கு டயர்களையும் தவறாமல் அளந்தவன் ஐந்தாவதைத் தொட்டதே இல்லை. ஸ்டெப்னியையும் மற்ற டயர்களோடு சேர்த்து, அதே அளவில் வையுங்கள். கையடக்கப் பம்ப் ஒன்றையும் காரில் போட்டுவையுங்கள்.

கேள்வி: மணற்பாங்கான கரையில் டிரெய்லர் புதைகிறது. காற்றைப் பாதியாக்கினால் எளிதாக ஏறும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, மணலில் அதிக இடத்தில் பதிந்து, புதைவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் காரின் டயர்களில் குறைத்துப் பாருங்கள். இழுவை அங்கேதான் உண்டாகிறது. பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும். டிரெய்லர் டயரில் குறைத்தே தீர வேண்டும் என்றால், நடக்கும் வேகத்துக்கு மேல் போகாமல், கூர்மையாகத் திருப்பாமல், மணலைத் தாண்டும் அந்தச் சில மீட்டருக்கு மட்டும் குறையுங்கள். கூர்மையாகத் திருப்பினால் தளர்ந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கெட்டித் தரைக்கு வந்ததும், கார் நகரும் முன்பே, காருக்கும் டிரெய்லருக்கும் அவற்றுக்குரிய பழைய அளவைப் பிடித்துவிட வேண்டும். பம்ப் கையில் இல்லாவிட்டால் காற்றை இறக்காமல், பலகைகளைச் சக்கரத்தின் கீழ் கொடுத்துத் தள்ளுவதே நல்லது.